மூன்று மணித் தண்ணீர்

என் மாமியார் மேல் திருட்டுப் பழி விழக் காரணமான காகிதத்தை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது மெதுவாக நுழைத்தால், "நல்லாப் பூசி மெழுகியிருக்கீங்க" என்று என் மனைவி சொல்வாள். அந்த விஷயத்தில் அவள் அப்படியே அவள் அம்மா.

அத்தையும் நானும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். கடலிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இழுத்து, வட்டமான சிமெண்டுத் தொட்டிகளில் கொடுவா மீன் வளர்க்கும் பண்ணை. மொத்தம் எட்டுத் தொட்டி. ஆறு தொட்டிகள் கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஏழும் எட்டும் பின்பக்க முற்றத்தில் வெட்டவெளியில் கிடக்கின்றன. நான் ஸ்டோர்கீப்பர். தீனியை நிறுத்துக் கொடுப்பது, வாரம் ஒரு முறை மீனை எடை போட்டு எழுதுவது, காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பமானியை விட்டுப் பார்த்துக் குறித்து வைப்பது எல்லாம் என் வேலை. அத்தை ஏழுக்கும் எட்டுக்கும் தீனி போடுபவர். காலை ஏழு மணிக்கு ஒரு வேளை, மாலை ஐந்து மணிக்கு ஒரு வேளை.

வெளித் தொட்டிகளை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "கூரைக்குக் கீழ நின்னா திரும்ப ஆஸ்பத்திரிக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு" என்பார். இங்கே வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டில் உதவியாளராக இருந்தவர். துணி மாற்றுவார், உடம்பு துடைப்பார், நர்சுக்கு நேரமில்லாதபோது நாடி பிடித்து எண்ணிச் சொல்வார். ஒருநாள் வார்டு வேலையை யாரோ காண்டிராக்ட் எடுத்தார்கள். பழைய ஆட்களைக் கையை வீசிக்கொண்டு போகச் சொன்னார்கள். அத்தை அப்படிப் போகவில்லை. நேராக மேலதிகாரியின் அறைக்குப் போய், பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்துச் சான்றிதழ் எழுதி வாங்கும்வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் வந்தார். நாற்காலி போட்டார்களாம், உட்காரவில்லையாம். இங்கே எல்லோரும் அவரை 'வார்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டும் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை.

நான் முதன்முதலில் அவர்கள் வீட்டுக்குப் போன அன்று, வாங்க என்றுகூடச் சொல்வதற்கு முன் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அரை நிமிடம் கழித்து, "நூத்திப் பத்து. பயப்படுறீங்க. பயப்படுற ஆளு பொய் சொல்ல மாட்டான், உட்காருங்க" என்றார். அதோடு பெண் கொடுத்தாயிற்று.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பண்ணைக்குப் புதிய மேலாளர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது ஒரு உத்தரவு போட்டார். பகல் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை கடல்தண்ணீர் பம்பை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் மின்சாரத்துக்கு அதிகம் ஆகிறது என்று கண்டுபிடித்திருந்தார். காற்றுக் குழாய்கள் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். மூச்சுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார். மனிதர் கெட்டவரில்லை. பைலைத் திறந்தால் உலகமே உள்ளே இருக்கிறது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

அந்த ஐந்து மணி நேரமும் முற்றத்தில் ஈ காக்கை இருக்காது. பம்பும் இல்லை, தீனியும் இல்லை. வெயிலில் நிற்க யாருக்கு என்ன தலையெழுத்து? அத்தை பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டு நாலரைக்குத்தான் திரும்புவார்.

இரண்டு முறை அவர் என்னிடம் வந்து சொன்னார். "மாப்பிள்ளை, சாயங்காலம் தீனி போடறப்ப தண்ணி கதகதன்னு இருக்கு. மீனு மூச்சு வாங்குது." இரண்டு முறையும் நான் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். இருபத்தொன்பது டிகிரி. நேற்றும் இருபத்தொன்பது. முந்தாநாளும் இருபத்தொன்பது. "நோட்டுல அப்படி இல்லையே அத்தை" என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

ஆறு மணிக்கு வெப்பமானி விடுவது எங்கள் பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து வரும் பழக்கம். அப்போதெல்லாம் பம்பு இரவும் பகலும் ஓடும். எந்த மணிக்குப் பார்த்தாலும் தண்ணீரின் சூடு அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். ஆறு மணிக்கு எல்லோரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வருகிறார்கள், அதோடு இதையும் முடித்துவிடலாம் என்று யாரோ வைத்தது. பம்பு நேரம் மாறிய பிறகு பார்க்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும் என்று மேலாளருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்து மணி நேரம் அடுப்பில் வைத்த தண்ணீரை, விடிய விடிய ஆறவிட்டுப் பிறகு தொட்டுப் பார்த்துவிட்டு, சூடில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ மீன் ஏறுவதற்கு ஒன்றரைக் கிலோ தீனி போகும். கூரைக்குக் கீழே இருந்த ஆறு தொட்டிகளிலும் அப்படித்தான் இருந்தது. ஏழிலும் எட்டிலும் நாலு கிலோவுக்கு மேல் போயிருந்தது. மீன் செத்திருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும், குறையவில்லை. நோய் என்றால் புண் இருக்கும், இல்லை. தீனி என் கையால் நிறுத்துக் கொடுத்தது. நான் கொடுத்ததற்கும் மீன் தின்றதற்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் நின்றிருந்தார்.

"ஏழு, எட்டாம் தொட்டிகளுக்குக் கொடுக்கப்பட்ட தீனி மீனின் எடையில் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் என் மனசாட்சி சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, கையெழுத்துப் போட வந்த முப்பது பேர் முன்னால் மேலாளர் அதைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இத்தனை தீனி எங்க போச்சுன்னு வார்டம்மாதான் சொல்லணும்" என்றார்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு திரும்பி, "தீனி மீனுக்குள்ள போச்சு சார். வேற எங்க போகும்?" என்றார்.

"அப்படின்னா மீன் பெருத்திருக்கணுமே அம்மா."

"அதைத்தான் நானும் ரெண்டு தடவை வந்து கேட்டேன். எனக்கு நோட்டைக் காட்டினாங்க."

அதன் பிறகு எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். மேலாளர் தணிந்த குரலில்தான் பேசினார். தீனி குறைவுக்குத் தானே பொறுப்பு என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். போலீஸ் இல்லை, வழக்கு இல்லை. வேலையிலிருந்து அவராகவே நின்றுகொண்டதாக எழுதிக்கொள்வார்கள். மருமகன் வேலைக்கும் ஒன்றும் ஆகாது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை காகிதத்தை எடுத்து முழுதாகப் படித்தார். மடித்தார். மேசையில் வைத்தார்.

"போட மாட்டேன். போலீஸ்னா போலீஸ், கூப்பிடுங்க. மருமகன் வேலையை எடுக்கறதுன்னா அவரைக் கேட்டு எடுங்க, அதை வெச்சு என்னை மிரட்டாதீங்க. நான் ஆஸ்பத்திரியில செத்தவங்க கையிலிருந்து மோதிரத்தைக் கழட்டி வீட்டுக்காரங்ககிட்ட எண்ணிக் கொடுத்தவ. மீன் தீனியைத் தூக்கிட்டுப் போய் என்ன செய்யப் போறேன், திங்கவா?"

தீனி போடும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கையெழுத்துப் போடும்வரை சும்மா உட்காரலாம் என்றார் மேலாளர். யாரைப் பார்த்து எதைச் சொன்னோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அன்று என் வீட்டில் அடுப்பு எரிந்தது, பேச்சுதான் இல்லை. என் மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "எழுதறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கேட்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து அத்தை சும்மா உட்காரத் தொடங்கினார். பதினொரு மணிக்கு எட்டாம் தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் நாலு மணிக்குத்தான் இறங்குவார். குடை பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சிலர் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மூன்று மணிக்கு என் ஸ்டோருக்கு முன் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அந்த வெப்பமானியை எடுத்துட்டு வாங்க."

"இப்பவா அத்தை? ஆறு மணிக்குத்தான…"

"ஆறு மணிக்கு மீனும் தூங்கும், தண்ணியும் தூங்கும். இப்ப வாங்க."

போனேன். தொட்டி விளிம்பில் அவருடைய பழைய ஆஸ்பத்திரி வெப்பமானி கிடந்தது, நாக்குக்கடியில் வைப்பது. அதன் கோடுகள் முப்பத்தைந்தில்தான் ஆரம்பிக்கும். உடம்பு சூட்டுக்காகச் செய்தது. அதை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பாதரசம் முதல் கோட்டைத் தாண்டி நின்றது.

"இது நோயாளிக்குக் காட்டறது. தண்ணிக்கே காட்டுது பாருங்க" என்றார்.

நான் பண்ணையின் வெப்பமானியை விட்டேன். முப்பத்தைந்தரை. வெளியே எடுத்து உதறி மறுபடி விட்டேன். அதேதான். அத்தை விரலை நீட்டி, விளிம்போரமாக நின்ற ஒரு மீனைக் காட்டினார். செவுள் மூடி படபடவென்று திறந்து மூடியது.

"காலையில நிமிஷத்துக்கு எழுபது. இப்ப நூத்தி இருபது. மூணு நாளா எண்ணிட்டேன். வார்டுல காய்ச்சல்காரங்களுக்கு இப்படித்தான் மூச்சு இழுக்கும். நாம ஊட்டுவோம், அவங்களும் சாப்பிடுவாங்க, ஆனா பத்து நாள்ல எலும்பை எண்ணலாம். அந்தச் சாப்பாட்டை யாரு திருடினது மாப்பிள்ளை? நானா? காய்ச்சல் எரிச்சுடுது. உசுரைப் பிடிச்சு வெக்கறதுக்கே எல்லாம் செலவாயிடுது. சதை போடறதுக்கு எங்க மிச்சம்?"

"மனுஷனுக்குச் சரி அத்தை. மீனுக்கு…"

"மீனுக்கு இன்னும் மோசம். நமக்கு வேர்க்கும், நிழல்ல போய் நிப்போம். அதுக்குன்னு தனியா ஒரு சூடு கிடையாது, தண்ணி என்ன சூடோ அதுவும் அந்தச் சூடு. கடல்ல இருந்தா ஆழத்துக்கு இறங்கிடும். இங்க ஆழம் என் இடுப்பளவு. எங்க போகும் அது?"

தினமும் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். வேறு மணியில் ஒரே ஒரு நாள் தொட்டிருந்தால் போதும்.

இருவரும் மேலாளரிடம் போனோம். அவர் கேட்டார், தலையாட்டினார், புத்தகத்தை எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கொடுவா வேகமாக வளரும் என்று அதில் போட்டிருந்தது. அது பொய்யுமில்லை.

"சூடு கூடினா நல்லதுதானே அம்மா? நீங்க சொல்றது தலைகீழா இருக்கே."

"ஒரு அளவு வரைக்கும் நல்லது சார். கொஞ்சம் சூடு ஏறினா பசி ஏறும், வளரும். அந்த அளவைத் தாண்டிட்டா, உள்ள போறதெல்லாம் மூச்சுக்கே போயிடும். புத்தகத்துல அந்தப் பக்கமும் இருக்கும், திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பவில்லை. பம்பு உத்தரவு அவருடையது. பாராட்டுக் கடிதம் சுவரில் தொங்கியது. "ஒரு நாள் வெயிலை வெச்சு முடிவு பண்ண முடியாது" என்றார்.

"அப்ப பத்து நாள் வெச்சுக்கலாம்" என்றார் அத்தை. "தீனி அறைச் சாவியை நீங்களே வெச்சுக்கோங்க. ஏழுக்கும் எட்டுக்கும் நீங்களே நிறுத்து, உங்க கையாலயே போடுங்க. நான் முற்றத்துக்குள்ள காலே வெக்க மாட்டேன். வேலிக்கு வெளியில உட்கார்ந்துக்கறேன். எட்டாம் தொட்டி இருக்கற மாதிரியே இருக்கட்டும். ஏழாம் தொட்டிக்கு மட்டும் மேல நிழல் போடணும். பம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம். நிழல் மட்டும். பத்து நாள் கழிச்சு எடை போடுங்க. ரெண்டு தொட்டியும் ஒரே மாதிரி பெருத்திருந்தா நான் திருடி, நீங்க நீட்டின காகிதத்துல பெரிய எழுத்துல கையெழுத்துப் போடறேன்."

மேலாளர் யோசித்தார். தானே தீனி போட்டு மீன் பெருத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார். நடுவில் அத்தை எதையாவது தொட்டால் எல்லாம் ரத்து.

நிழலுக்குத் துணி எங்கே? காலித் தீனிச் சாக்குகளைக் கேட்டார் அத்தை. நான் நாற்பத்திரண்டு சாக்குகளை எண்ணி எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "சாக்கும் குறையப் போகுது, நல்லா எண்ணிக்கோங்க" என்றார். இரண்டு நாள் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவும் மகளும் கோணி ஊசியால் அவற்றைத் தைத்தார்கள். எனக்கு அந்தக் கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, வாசற்படியில்தான் கிடைத்தது. ஏழாம் தொட்டிக்கு மேலே கயிறு கட்டி அதை விரித்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மூன்று மணிக்கு அந்தத் தண்ணீர் முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. இந்த முறை மூன்று மணிக்கும் பார்த்தேன்.

பத்து நாள் கணக்கு ஆரம்பமாயிற்று. மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தராசில் கிராம் சுத்தமாக நிறுத்து, இரண்டு தொட்டிக்கும் ஒரே அளவு போட்டார். அத்தை சொன்ன சொல் தவறாமல் கம்பி வேலிக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் மேலாளர் போகிற போக்கில், "வெயில்ல எதுக்கும்மா, வீட்டுல இருக்கலாமே" என்றார். "மீனுக்கே வீடு இல்ல சார்" என்று பதில் வந்தது.

எட்டாம் நாள் காற்றே இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. இரண்டு மணிக்கு நான் ஸ்டோரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். வேலிப் பக்கமிருந்து அத்தையின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அவரை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை! ஓடி வாங்க! எட்டுல மீன் மேல வந்துடுச்சு!"

ஓடினேன். எட்டாம் தொட்டியில் தண்ணீர் மட்டத்தில் வாய்களாக இருந்தது. நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின. ஏழாம் தொட்டியில் சாக்கு நிழலுக்குக் கீழே எல்லாம் அடியில் அமைதியாக நின்றன. வெப்பமானியை விட்டேன், முப்பத்தாறரை. மேலாளருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

அத்தை வேலியின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பம்பு அறையை நோக்கி நடந்தார். நான் முன்னால் போய் மறித்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மறித்தேன்.

"அத்தை, இன்னும் ரெண்டு நாள்தான். நீங்க இப்பத் தொட்டா எல்லாம் ரத்து. உங்க மேல இருக்கற பழி அப்படியே நின்னுடும். நான் பம்பைப் போட்டாலும், நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லுவாங்க. அவர் வரட்டும்."

"அவர் சாப்பிட்டுக் கை கழுவி வர்றதுக்குள்ள இதுல பாதி மிதக்கும். திருடின்னு சொன்னா நாளைக்கும் நின்னு சண்டை போடுவேன். செத்ததுக்கு நான் என்ன பதில் சொல்றது? தள்ளுங்க."

தள்ளவில்லை என்றால் அவரே தள்ளியிருப்பார். விலகினேன். அவர் சுவிட்சைப் போட்டார். பம்பு உறுமியது. கடல்தண்ணீர் எட்டாம் தொட்டிக்குள் அடித்து விழ ஆரம்பித்தது. அத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.

பம்புச் சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். வாயில் இன்னும் சோறு இருந்தது.

"யார் போட்டது?"

"நான்தான்" என்றார் அத்தை, தலை நிமிராமல்.

"அப்ப முடிஞ்சுது. நீங்களே நிபந்தனையை மீறிட்டீங்க."

"மீறிட்டேன். கையை விடுங்க சார் உள்ள."

"என்ன?"

"தொட்டிக்குள்ள கையை விடுங்க. அஞ்சு நிமிஷமா புதுத் தண்ணி ஓடியிருக்கு. அதுக்கப்புறமும் எப்படி இருக்குன்னு பாருங்க."

அவர் விட்டார். முழங்கை வரை விட்டவர் சட்டென்று எடுத்துவிட்டார். வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு ஏழாம் தொட்டிக்குப் போய் அதிலும் கையை விட்டார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

நான் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். இப்போதே எடை போட்டுவிடலாம் என்றேன். அத்தை என்னை முறைத்தார். "மூச்சு வாங்கறதைப் பிடிச்சு வலையில போடுவீங்களா? அறிவு இருக்கா மாப்பிள்ளை? காலையில போடுங்க."

மாப்பிள்ளையைப் பார்த்து அறிவு இருக்கா என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

மறுநாள் காலை வலை போட்டோம். ஒவ்வொரு தொட்டியிலும் முப்பது மீன். மேலிருந்து மட்டும் அள்ளாமல் அடிவரை வலையை இழுத்துப் பிடித்தோம். கையெழுத்துப் போட வந்தவர்கள் எல்லோரும் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். ரத்து என்று சொன்ன மேலாளர் குறிப்பேட்டை என்னிடம் கொடுக்காமல் தானே எழுதினார். முதல் நாள் இரண்டு தொட்டியிலும் சராசரி இருநூற்றுப் பதினெட்டு கிராம். இன்று நிழல் போட்ட ஏழில் இருநூற்று நாற்பத்திரண்டு. எட்டில் இருநூற்று இருபது. எட்டு நாள் தின்று இரண்டு கிராம்.

அவர் பேனாவை மூடினார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "என் கையாலதானே போட்டேன்… ரெண்டுக்கும் ஒரே அளவு" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார் அத்தை. "வழியில வீட்டுக்கு ஏதும் எடுத்துட்டுப் போகலையே?"

முப்பது பேரும் சிரித்த சிரிப்பில் ஏழாம் தொட்டி மீன்கள் கலைந்து ஓடின. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவரும் மனிதர்தான். சற்று நேரத்தில் அவர் உதடும் கோணிற்று.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். அத்தை நின்றுகொண்டே இருந்தார். பகல் முழுவதும் பம்பு ஓடும்படி இன்றே உத்தரவு மாற்றுவதாகச் சொன்னார். வேலையில் பழையபடி சேரலாம் என்றார். தான் அவசரப்பட்டுவிட்டதாகவும், வருத்தமாக இருப்பதாகவும் நன்றாகவே சொன்னார்.

"இதை இங்க சொல்லாதீங்க சார். வெளியில சொல்லுங்க" என்றார் அத்தை.

"அம்மா, அதான் சொல்லிட்டேனே…"

"என்னைத் திருடின்னு சொன்னது இந்த அறையிலயா? முப்பது பேர் முன்னாடி சொன்னீங்க. அந்த முப்பது பேரும் இன்னும் வெளியிலதான் நிக்கறாங்க. எனக்கு உங்க வருத்தம் வேண்டாம், என் பேரு வேணும். கொடுத்துட்டு வாங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தீனி விஷயத்தில் வார்டம்மா மேல் தவறு எதுவும் இல்லை என்று ஏதோ சொன்னார்.

"கேக்கலை" என்றார் அத்தை.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலை."

அவர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வார்டம்மா எதையும் எடுக்கவில்லை. தண்ணீர் சூடானதற்குத் தன் உத்தரவுதான் காரணம். பார்க்காமல் பழி போட்டது தன் தவறு. சொல்லி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

அத்தை தலையசைத்தார். கூட்டம் கலையப் போயிற்று. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க, மாப்பிள்ளை?"

மருமகன் என்று விட்டுவிடுவார் என்றுதான் அந்த நொடிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது பேரும் மறுபடி திரும்பி நின்றார்கள். எனக்கு நாடி நூற்று ஐம்பதில் அடித்திருக்கும். அவர் பிடித்துப் பார்க்கவில்லை.

"நான் நிறுத்தது சரி, எண்ணினது சரி" என்றேன். "ஆனா அத்தை ரெண்டு தடவை வந்து தண்ணி சூடா இருக்குன்னு சொன்னாங்க. நான் எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கலை. நோட்டைக் காட்டினேன். அப்புறம் அவங்களை ஒரு வார்த்தை கேக்காம எழுதிக் கொடுத்துட்டேன். தப்பு என்னுது."

இந்த முறை அவர் கேட்கலை என்று சொல்லவில்லை. அறையில் காகிதத்தை நீட்டியபோது கலங்காத கண், போலீஸ் என்றபோதும் கலங்காத கண், என் முன்னால் நிறைந்து வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அவரு யாரோ. என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும், எனக்கு உறைக்காது" என்றார். "நீங்க எழுதினதுதான் வலிச்சுது மாப்பிள்ளை."

பிறகு மணியைப் பார்த்தார். ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. மேலாளரிடம் கையை நீட்டித் தீனி அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.